ரெமிக்குக் கொடுத்த பாவம்

வரிசையில் எனக்கு முன்னால் பெர்னத்தா அக்கா நிற்கிறாள், அவளுக்கு முன்னால் ஐந்தாறு பொம்பளைகள், எல்லாரும் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு தரையைப் பார்த்தபடி, செய்யாத பாவத்தையும் சேர்த்துச் செய்தவர்கள் மாதிரி. நான் நிமிர்ந்துதான் நிற்கிறேன். எனக்குக் குனிந்து பழக்கமில்லை, மீன் ஏலத்தில் குனிந்தவளின் தலைக்கு மேலே எவனாவது கையை நீட்டி விலை கேட்டுவிட்டுப் போய்விடுவான், பலமுறை ஏமாந்து படித்த படிப்பு இது. தவக்காலத்து வெள்ளிக்கிழமை சாயங்காலம், சிலுவைப்பாதை முடிந்து பாதிச் சனம் கிளம்பிவிட்டது, மீதி, சாமியாரிடம் பாவத்தைச் சொல்லி மன்னிப்பு வாங்குகிற பாவசங்கீர்த்தனத்துக்கு நிற்கிறது, உருகின மெழுகு வாசமும் வேர்வை வாசமும் கோயிலுக்குள் ஒன்றாகப் புழுங்குகின்றன, மேலே காற்றாடி சுற்றுகிறது, யாருக்குக் காற்று வருகிறதென்று தெரியவில்லை. எலுமிச்சம்பழத் தோலைப் போட்டுத் தேய்த்துக் கழுவியும் விரலிடுக்கில் ஐஸ் பெட்டி வாடை இருக்கத்தான் செய்கிறது. இருக்கட்டும், அதுதான் எனக்குச் சோறு போடுகிறது, என் சரக்கு ஏறிய லாரி கேரளா போகாத நாளில்லை, தூத்துக்குடி ஏலத்தில் நான் வாயைத் திறந்தால் ஆம்பளைகள் வாயை மூடுவார்கள், ஆனால் அதெல்லாம் இந்த வரிசையில் செல்லாது. நான் இங்கே நிற்பதே அந்த முன் பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறாளே, இரட்டைச் சடை, அவளுக்காகத்தான். என் மகள் ஜொவிட்டா. ஞாயிற்றுக்கிழமை அவளுக்குப் புதுநன்மை, முதன்முதலாக அவள் நாக்கில் அப்பத்தை வைக்கப்போகிறார்கள். பிள்ளைக்கு ஒரு பக்கம் அப்பாவும் மறு பக்கம் அம்மாவும் நின்று கூடவே நன்மை வாங்க வேண்டுமாம், அதற்கு முந்தி பாவசங்கீர்த்தனம் பண்ணியிருக்க வேண்டுமாம், சிஸ்டர் சொல்லிவிட்டார்கள். நான் மாட்டேன் என்றேன். "நீ வரலன்னா எல்லாரும் என்ன கேப்பாங்க தெரியுமா? உங்கம்மா செத்துட்டாளான்னு கேப்பாங்க" என்றாள். பத்து வயசு. அதற்கு மேல் என்ன பேரம் பேச? வந்து நின்றுவிட்டேன். நிமிஷத்துக்கு ஒரு தடவை திரும்பிப் பார்க்கிறாள், நான் நழுவிவிடுவேனோ என்று, என்னைத் தெரிந்துதான் வைத்திருக்கிறாள் சனியன். எங்கள் பங்குச்சாமியாருக்குக் காது மந்தம், பாதி சொன்னால் போதும் என்ற தைரியத்தில்தான் வந்தேன், ஆனால் யாரோ சாகக் கிடக்கிறார்கள் என்று ஆள் வந்து அவரைக் கூட்டிக்கொண்டு போய்விட்டது, அவர் வரிசை மொத்தமும் பிரிந்து வந்து இந்த வலது பக்கத்துப் பாவசங்கீர்த்தனப் பெட்டி வரிசையில் ஒட்டிக்கொண்டது, நானும் ஒட்டிக்கொண்டேன். அப்போதுதான் பெர்னத்தா அக்கா திரும்பினாள். "ஏட்டி சலேத்து, நீயா? கோயில்லயா? இன்னைக்கு மழைதான் போ." "பிள்ளைக்குப் புதுநன்மைக்கா." "அதான பாத்தேன். நீ நிக்கிற தோரணையைப் பாத்தா பாவம் சொல்ல வந்தவ மாதிரியா இருக்கு, வாடகை கேக்க வந்தவ மாதிரில்லா இருக்கு." சிரித்தாள். நானும் சிரித்துவிட்டு, சும்மா வாய் வார்த்தைக்கு, உள்ளே யாருக்கா என்று கேட்டேன். கேட்டிருக்க வேண்டாம். "வெளியூர்ச் சாமி. ரோமாபுரியில படிச்சவியளாம், குருமடத்துல சொல்லிக்குடுக்காவளாம், நம்ம சாமிக்கு ஒத்தாசைக்கு வந்திருக்காவ. ரெமிஜியூஸ் சாமி. உங்க ஊர்க்காரவியதானாமே, உனக்குத் தெரியாதா?" தெரியாது என்றேன். என் வாய் என்னைக் கேட்காமலே சொல்லிவிட்டது.

ரெமிஜியூஸ். ரெமி. முப்பத்தாறு வருஷமாக இந்தப் பேரை வாய்விட்டுச் சொன்னதில்லை. காலுக்குக் கீழே தரை சில்லென்று இருக்கிறது, செருப்பை வாசலிலேயே விட்டுவிட்டேன், செருப்பு இருந்திருந்தால் இந்த நேரத்துக்குக் கிளம்பி நடந்திருப்பேன் என்று ஒரு நினைப்பு, என்ன நினைப்பு இது, செருப்பில்லாமல் கடற்கரை முழுக்க நடந்தவள்தானே நான். அந்த மரப்பெட்டியின் கதவுக்கு ஊதாத் திரை, அது கொஞ்சம்கூட அசையவில்லை, உள்ளே ஒரு ஆள் உட்கார்ந்து மூச்சு விட்டுக்கொண்டிருக்கிறான் என்றால் அசைய வேண்டாமா, அவன் எப்போதும் அப்படித்தான், அசையாமல் உட்காருவான். எங்கள் ஊர் ஞானோபதேச வகுப்பில் நாங்கள் எல்லாம் மணலில் புரண்டு எழுந்து வந்தவர்கள் மாதிரி இருப்போம், அவன் மட்டும் பவுடர் வாசத்தோடு முதல் வரிசையில், முட்டியின் மேல் இரண்டு கையையும் வைத்துக்கொண்டு. சம்மாட்டி மகன். ஊரில் ஆறு படகு அவன் அப்பாவுக்கு, அதில் வருகிற மீனை ஏலம் எடுத்துத்தான் என் அம்மா கூடையில் சுமந்து ஊர் ஊராக விற்பாள். ஆறு படகு இருந்தும் அவனுக்குக் கடல் என்றால் பயம், முழங்கால் தண்ணீருக்கு மேல் இறங்க மாட்டான், பையன்கள் இழுத்துக்கொண்டு போனால் அழுவான். எனக்கு அதுதான் பிடித்தது. என்னைச் சுற்றி இருந்த ஆம்பளைகள் எல்லாம் கடலுக்குப் பயப்படாதவர்கள், கடலுக்குப் பயப்படாதவன் பெண்டாட்டிக்கும் பயப்படுவதில்லை, கடவுளுக்கும் பயப்படுவதில்லை, என் அப்பா அப்படித்தான் இருந்து அப்படித்தான் போனார். பயப்படுகிற ஆம்பளை என்று நான் முதலில் பார்த்தது அவனைத்தான். அப்புறம் அவன் பூசைக்கு உதவிப் பையனாகச் சேர்ந்தான். சிவப்பு அங்கி, மேலே வெள்ளைச் சட்டை, அப்பத்தைத் தூக்கும்போது அவன்தான் மணி அடிப்பான், ஒரே சீராக, அவசரமில்லாமல், ஒவ்வொரு அடியும் எனக்கு வயிற்றுக்குள் அடிக்கும். அதைக் கேட்கவே தினமும் விடியற்காலைப் பூசைக்கு எழுந்து ஓடினேன். அம்மா அக்கம்பக்கத்தில் பீற்றிக்கொண்டாள், என் மகளுக்கு என்னா பக்தி பாத்தியளா என்று. மடத்துச் சிஸ்டர் ஒருநாள் என் கன்னத்தைத் தட்டி, நீ எங்களோட வந்துருதியா, கன்னியாஸ்திரீ ஆகலாம் என்று கேட்டார்கள். நான் சரி என்று தலையாட்டினேன், சாமியாரும் கன்னியாஸ்திரீயும் கல்யாணம் கட்டக் கூடாது என்று அப்போது எனக்குத் தெரியாது. சிரிக்காதே சலேத்து, கோயில். ஊரில் என்னை யாரும் சலேத்து என்றுகூடக் கூப்பிட்டதில்லை, சாளை என்பார்கள், சாளை மீன் மாதிரி ஒல்லி, சாளை மீன் மாதிரி நாற்றம். அவன் ஒருவன்தான் சலேத் மேரி என்பான், ரிஜிஸ்தரில் இருக்கிற மாதிரி முழுசாக. அதற்காகவே அவனைக் கட்டிக்கொள்ளலாம் போலிருந்தது. அவ்வளவுதான். வேறு ஒன்றுமில்லை. அவன் என்னைத் தொட்டதில்லை, நான் அவனைத் தொட்டதில்லை, பத்து வயசில் அதற்கு ஆசை என்று பேர் வைக்கவும் தெரியாது, அவன் வந்தால் வெளிச்சமாக இருக்கும், அவன் போனால் மீன் நாறும்.

வரிசை ஒரு அடி நகர்ந்தது. ஜொவிட்டா திரும்பிப் பார்க்கிறாள், கையைக் காட்டுகிறாள், நானும் காட்டினேன். நாலு நாளைக்கு முன்னால் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து பென்சிலைக் கடித்துக்கொண்டு கேட்டாளே, "அம்மா, எங்கிட்ட பாவமே இல்லம்மா, நீ ஒண்ணு சொல்லேன்" என்று, என் கையிலிருந்த கரண்டி அப்படியே நின்றுவிட்டது. "அடுத்தவ பாவத்தை வாங்காத. உன் பாவத்தையும் எவனுக்கும் குடுக்காத" என்று போட்ட சத்தத்தில் பிள்ளை பயந்துவிட்டாள். வீட்டுக்காரர் உள்ளேயிருந்து எட்டிப் பார்த்து, இவளுக்கு என்ன பிடிச்சிருக்கு என்றார். என்ன பிடித்திருக்கிறது, அவருக்குச் சொன்னதில்லை, யாருக்கும் சொன்னதில்லை. அன்றைக்கு ரெமி இதையேதான் கேட்டான். எங்கள் புதுநன்மைக்கு முந்தின சனிக்கிழமை முதல் பாவசங்கீர்த்தனம், ஞானோபதேசம் சொல்லிக்கொடுத்த உபதேசியார் எங்களை மிரட்டி வைத்திருந்தார், ஒரு பாவத்தை மறைத்தாலும் அப்பம் தொண்டையில் நெருப்பாக இறங்கும் என்று. எனக்குக் கவலையில்லை, என்னிடம் பாவம் கூடை கூடையாக இருந்தது. கெட்ட வார்த்தை, பொய், அம்மா மேல் கோபம், எல்லாவற்றுக்கும் மேலே இறால். ஏலம் நடக்கிற கூட்டத்தில் குவியலுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு, முகத்தை வானத்துக்கு வைத்துக்கொண்டு, கால் விரலால் ஒரு இறாலை இழுத்து மணலுக்குள் புதைத்துவிட வேண்டும், குவியலை அள்ளின பிறகு வந்து அடையாளம் பார்த்துத் தோண்டி எடுக்க வேண்டும். ஊர்ப் பிள்ளைகள் எல்லாருக்கும் தெரிந்த வித்தை, என் கால் விரலுக்கு மட்டும் கண் இருந்தது. ரெமி கிணற்றடியில் என்னிடம் வந்தான். அவனாக வந்தது அன்றைக்குத்தான். முகம் வெளுத்துக் கிடந்தது. "சலேத் மேரி, எனக்கு ஒரு பாவமும் ஞாபகம் வரல. ஒண்ணுமே இல்லன்னு சொன்னா சாமி நம்புவாரா?" நம்ப மாட்டாரு, ஆங்காரம்பாரு, அதுவே பெரிய பாவம் என்றேன், எனக்கு என்ன தெரியும், வாயில் வந்தது. அவன் கண்ணில் தண்ணீர் நின்றது. "உங்கிட்ட நிறைய இருக்குல்ல. ஒண்ணு தாயேன்." அந்தக் குரலை நான் என்ன செய்வேன். ஒரு ஆம்பளைப் பிள்ளை, சம்மாட்டி மகன், பவுடர் வாசத்தோடு என் முன்னால் நின்று என்னிடம் இருக்கிற ஒரே சொத்தைக் கேட்கிறான். நான் யோசித்தேன், கஞ்சத்தனத்தில் இல்லை, இருக்கிறதில் எது நல்லது என்று பார்த்தேன். கெட்ட வார்த்தை அவன் வாய்க்குப் பொருந்தாது. பொய் எல்லாரும் சொல்வது. கடைசியில் இறாலைக் கொடுத்தேன். "உங்க அப்பா குவியல்லேருந்து எடுத்தேன்னு சொல்லு. சொந்த அப்பாகிட்ட எடுத்தா பாவம் பாதிதான், அபராதமும் பாதிதான் குடுப்பாரு." எப்படிப் புதைப்பது என்றுகூடக் காட்டிக் கொடுத்தேன், சாமியார் கேட்டால் சொல்ல வேண்டுமே. கிணற்றடி மணலில் அவன் செருப்பைக் கழற்றிவிட்டு ஒரு கல்லைக் கால் விரலால் இழுத்து இழுத்துப் பழகினான், வரவில்லை, சிரித்தான், நானும் சிரித்தேன். பெண்பிள்ளைகள் பூவைக் கொடுப்பார்களாம், கைக்குட்டையைக் கொடுப்பார்களாம். நான் ஒருவனுக்கு ஆசையாகக் கொடுத்த முதல் பொருள் ஒரு பாவம். என்னுடையதிலேயே பெரியதாகப் பார்த்துக் கொடுத்தேன்.

அன்றைக்கும் இப்படித்தான் வரிசை. முதலில் பையன்கள், அப்புறம் நாங்கள். ரெமி போய் முழங்கால் போட்டதையும் எழுந்து வந்ததையும் எட்டிப் பார்த்துக்கொண்டே இருந்தேன், என்னுடைய ஒன்று அவன் வாய்வழியாகப் போகிறதே என்று காது சுட்டது, அவன் வெளியே வந்தபோது என்னைப் பார்த்துச் சிரிப்பான் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை. பீடத்துக்கு முன்னால் போய், அபராதமாகக் கொடுத்த செபத்தைச் சொல்ல உட்கார்ந்தான், கையைக் குவித்தான், தோள் குலுங்க ஆரம்பித்தது. உபதேசியார் போய்க் குனிந்து என்னலே என்று கேட்டார். அவன் ஏதோ சொன்னான். அவர் திரும்பவும் கேட்டார். அவன் திரும்பவும் சொன்னான், இந்தத் தடவை எனக்குக் கேட்டது, கோயில் முழுக்கக் கேட்டது. "அது என் பாவம் இல்ல. அவதான் குடுத்தா." விரலை நீட்டினான். நான் அந்த விரலை இன்றைக்கும் வரைந்து காட்டுவேன். எனக்கு முன்னால் ஒரே ஒருத்தி பாக்கி, அடுத்தது நான், முழங்கால் போடுகிற பலகை கைக்கெட்டும் தூரம். உபதேசியார் வந்து என் காதைப் பிடித்தார், வரிசையிலிருந்து அப்படியே உருவி எடுத்தார், வலையில் மாட்டின நண்டை உருவுகிற மாதிரி. பாவசங்கீர்த்தனம் என்கிற தேவதிரவிய அனுமானத்தைக் கேலிக்கூத்தாக்கின பிள்ளை, ஒரு வருஷம் கழித்து வரட்டும் என்று சாமியார் சொல்லிவிட்டார். ஒரு வருஷம் போனால் போகிறது, அதைச் சொல்லவில்லை நான். இறால் கதை ராத்திரிக்குள் சம்மாட்டி வீட்டுக்குப் போய்விட்டது, அவனே சொன்னானோ உபதேசியார் சொன்னாரோ, விடிந்ததும் ஏலத்தில் என் அம்மா கூடையோடு போய் நின்றாள், சம்மாட்டி எல்லார் முன்னாலும், "கள்ளியைப் பெத்தவளுக்கு என் படகுல மீன் கிடையாது" என்றார். ஊரில் மற்றவனுக்கெல்லாம் கட்டுமரம்தான், அதில் வருவது ஏலத்துக்கு மிஞ்சாது, ஆறு படகும் அவருடையது, அம்மா யாரிடம் போவாள்? பக்கத்து ஊர்க் கரைக்கு இருட்டோடு நடந்தாள், கூட நானும் நடந்தேன், பள்ளிக்கூடம் அதோடு சரி. அந்த ஞாயிற்றுக்கிழமை ரெமி மெழுகுதிரி பிடித்துக்கொண்டு பவனியில் போனான். எனக்கென்று இரவல் வாங்கி வைத்த வெள்ளைக் கவுனை வேறு ஒரு பிள்ளை போட்டுக்கொண்டு போனாள். நான் கடற்கரையில் வலைக் கொட்டகைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தேன், அழவில்லை, இதைத்தான் யாரிடமும் சொல்ல முடியாது, அவமானமாக இருக்கிறது, நான் அங்கே போய் உட்கார்ந்ததே அவன் வருவான் என்றுதான். பவனி முடிந்து வருவான், தெரியாமச் சொல்லிட்டேன் சலேத் மேரி என்பான், நான் கொஞ்சம் முரண்டு பிடிப்பேன், அப்புறம் சரி என்பேன். அந்தச் சரியை எப்படிச் சொல்ல வேண்டும் என்றுகூடச் சொல்லிப் பார்த்தேன். சாயங்காலம் வரை இருந்தேன். மறுநாளும் போய் இருந்தேன். ஒரு வருஷம் கழித்து, வாட்டி, இப்ப குடுக்கேன்னு சொல்லுதாவ என்று அம்மா கெஞ்சினாள், என்னை அடித்தாள், மறுபடியும் கெஞ்சினாள். போகவில்லை. அதற்குள் அவன் சாமியாராகப் படிக்கக் குருமடத்துக்குப் போய்விட்டிருந்தான்.

பெர்னத்தா அக்கா உள்ளே போய் முழங்கால் போட்டுவிட்டாள், இனி அவள் எழுந்திருக்க நேரமாகும், மருமகள் செய்த பாவத்தையெல்லாம் சேர்த்துச் சொல்லிவிட்டுத்தான் வருவாள். இப்போது போய்விட்டால் என்ன. பின்னால் திரும்பினேன், எனக்குப் பின்னால் நிற்கிற பெண், "என்னக்கா, மறந்துட்டியளா ஏதும்?" என்று கேட்டாள். இல்லை என்றேன். ஜொவிட்டா பார்க்கிறாள். நன்மை வாங்குகிற நேரத்தில் நழுவுவது எனக்குப் புதுசா, என் கல்யாணப் பூசையிலேயே தொண்டை சரியில்லை என்று தலையாட்டிவிட்டு வாயை மூடிக்கொண்டு நின்றவள் நான், அதற்கு முந்தின நாள் பாவசங்கீர்த்தன வரிசையில் நின்று பாதியில் மறைந்தவள். இன்றைக்கும் ஜொவிட்டாவிடம் பொய் சொல்லலாம். ஆயிற்று என்று சொல்லலாம். ஞாயிற்றுக்கிழமை அவள் பக்கத்தில் நின்று வாயைத் திறந்துவிடலாம், யார் சோதிக்கப்போகிறார்கள், தொண்டையில் நெருப்பு இறங்கினால் இறங்கட்டும், எத்தனையோ இறங்கியிருக்கிறது. ஆனால் அவள் முன் பெஞ்சில் உட்கார்ந்து கண்ணைக் கொட்டாமல் பார்க்கிறாளே. என்ன பயம் எனக்கு என்று கேட்டுப் பார்க்கிறேன். அவன் என்னைக் கண்டுபிடித்துவிடுவான் என்றா? கண்டுபிடிக்க மாட்டான் என்றுதான் பயம். இவ்வளவு காலம் நான் கொதித்துக்கொண்டிருந்தேன், ஏலத்தில் எவனாவது என்னைப் பார்த்து விரலை நீட்டினால் அந்த விரலை ஒடித்துவிடுகிற மாதிரி எகிறுவேன், காரணம் கேட்டால் வீட்டுக்காரருக்குத் தெரியாது, லாரி டிரைவருக்குத் தெரியாது, சண்டைக்காரி என்று பேர், அந்தப் பேரை வைத்துத்தான் பிழைத்தேன், இவ்வளவுக்கும் காரணமானவன் எங்கேயோ ரோமாபுரியில் புத்தகம் படித்துவிட்டு, ஒரு சிறுக்கியின் காதைப் பிடித்து இழுத்துப் போனார்களே என்ற ஞாபகமே இல்லாமல் உட்கார்ந்திருந்தால்? அப்படியானால் நான் யாரிடம் கோபப்பட்டேன் இத்தனை நாளும்? அவனுக்குக் குருப்பட்டம் கொடுத்தபோது ஊர் முழுக்கத் தோரணம், ஒவ்வொரு வீட்டிலிருந்தும் மீன் கொடுக்க வேண்டும் என்று கமிட்டி சொன்னது, என் அம்மாவும் கொண்டுபோய்க் கொடுத்தாள், பக்கத்து ஊரில் வாங்கின மீனை. நான் அன்றைக்குக் கொல்லத்தில் இருந்தேன், ஒரு கம்பெனிக்காரனிடம் தொண்டை கிழியக் கத்திக்கொண்டிருந்தேன், அவன் கேட்ட விலை நியாயமாகத்தான் இருந்தது, இருந்தும் கத்தினேன். பெர்னத்தா அக்கா எழுந்துவிட்டாள். இவ்வளவு சீக்கிரமா? கண்ணைத் துடைத்துக்கொண்டு வருகிறாள், என் காதில், "தங்கமான சாமிட்டி, ஒரு வார்த்தை கடிஞ்சு சொல்லல" என்றாள். என் முறை.

முழங்கால் போட்டேன். பலகை முந்தினவளின் சூட்டோடு இருந்தது. முகத்துக்கு நேரே ஓட்டை ஓட்டையாக ஒரு மரத்தட்டி, அதற்கு அந்தப் பக்கம் இருட்டில் ஒரு வழுக்கைத் தலை, இருமல் மாத்திரை வாசம். தோத்திரம் சாமி என்றேன். "சொல்லும்மா" என்று ஒரு கரகரத்த குரல், யாரோ ஒரு கிழவனின் குரல், எனக்கு ஒரு நிமிஷம் நிம்மதியாகக்கூட இருந்தது, இவன் வேறு யாரோ. "கடைசியா எப்போ பாவசங்கீர்த்தனம் பண்ணினீங்க?" இதற்குப் பொய்தான் தயார் பண்ணி வைத்திருந்தேன், போன வருஷம் என்று. வாய் வேறு சொன்னது. "இதுதான் முதல் தடவை சாமி." "இப்பதான் ஞானஸ்நானம் வாங்கியிருக்கீங்களா?" "இல்ல, பிறந்து எட்டாம் நாளே வாங்கிட்டேன்." "அப்போ புதுநன்மை?" "வாங்கல." "ஏன் வாங்கல?" "குடுக்கல." அந்தப் பக்கம் நாற்காலி கிறீச்சிட்டது. "யாரும்மா குடுக்கல? எந்த ஊர் நீங்க?" ஊர்ப் பேரைச் சொன்னேன். இருமல் வந்த மாதிரி இருந்தது, பாதியிலேயே விழுங்கிக்கொண்டான். அப்புறம் மிகவும் மெதுவாக, மரத்தட்டிக்குக் கிட்டே வாயை வைத்து, ஒரே ஒரு வார்த்தை. "இறாலா?" மறக்கவில்லை. இவன் மறக்கவே இல்லை. மறந்திருந்தால்கூடப் பரவாயில்லை, மறந்தவனைத் திட்டி என்ன பிரயோசனம் என்று விட்டுத் தொலைத்திருப்பேன், ஞாபகம் வைத்துக்கொண்டு இத்தனை காலம் சும்மா இருந்திருக்கிறான், ஒரு காகிதத்தில் இரண்டு வரி எழுதிப்போட முடியவில்லை, லீவுக்கு வந்தபோது கடற்கரைப் பக்கம் ஒரு நடை வர முடியவில்லை. "நான் அப்போ சின்னப் பையன்" என்று ஆரம்பித்தான், "அன்னைலேருந்து நான் பூசை வைக்கிற ஒவ்வொரு நாளும்…" கிணற்றடியில் கேட்டானே, அதே குரல்தான், தொண்டை மட்டும் கிழடு தட்டியிருக்கிறது, உள்ளே அதே பையன் கண்ணில் தண்ணீரோடு நிற்கிறான், இப்போதும் ஒன்று தாயேன் என்கிறான். என் வாயில் சரி என்ற சொல் வந்து நின்றது. நிஜமாகவே வந்து நின்றது, நாக்கின் நுனியில் அதன் ருசிகூடத் தெரிந்தது. ஒரு சொல்தான், சொல்லியிருந்தால் அவன் வாழ்நாள் பாரம் இறங்கியிருக்கும், எனக்கும் எதுவோ இறங்கியிருக்குமோ என்னவோ. அம்மா இருட்டில் கூடையோடு நடந்தாள். அவள் பாதம் கடைசிவரை வெடித்தே கிடந்தது, சவப்பெட்டியில் வைத்தபோதுகூட. "சாமி" என்றேன், "நான் என் பாவத்தைச் சொல்ல வந்திருக்கேன். உங்க பாவத்தைக் கேக்க வரல. பின்னால ஆள் நிக்கு." நான் மளமளவென்று சொன்னேன், கெட்ட வார்த்தை தினமும் பேசுவேன் சாமி, ஐஸோடு சேர்த்து மீனை எடை போட்டிருக்கிறேன் சாமி, கூலிக்காரனைக் கை நீட்டி அடித்திருக்கிறேன், வீட்டுக்காரரை மதிப்பதில்லை, பூசைக்கு வருவதில்லை, இதற்கும் நான் அறியாமல் செய்த மற்றப் பாவங்களுக்கும் மனஸ்தாபப்படுகிறேன். யாரையாவது மன்னிக்காமல் இருக்கிறாயா என்று கேட்பார்களாம், சிஸ்டர் சொல்லிக்கொடுத்திருந்தார்கள், அதை இவன் கேட்கட்டும் பார்ப்போம் என்று காத்திருந்தேன். கேட்கவில்லை. பாவமன்னிப்பு மந்திரத்தை ஆரம்பித்தான், நடுவில் நின்றான், திரும்பவும் முதலிலிருந்து ஆரம்பித்தான், பிதா சுதன் பரிசுத்த ஆவியின் பெயராலே என்று கையை உயர்த்திச் சிலுவை போட்டான். ஆமென் என்றேன். எழுந்துவிட்டேன். அபராதம் எதுவும் கொடுக்கவில்லை என்பது இரண்டு எட்டு வைத்த பிறகுதான் உறைத்தது.

பின்வரிசைப் பெஞ்சில் வந்து உட்கார்ந்தேன். முழங்கால் விண்விண்ணென்று தெறிக்கிறது. ஜொவிட்டா ஓடி வந்து இடித்துக்கொண்டு உட்கார்ந்தாள், "என்னம்மா அபராதம்? எனக்கு அஞ்சு அருள்நிறை மந்திரம்தான், உனக்கு எவ்வளவு?" நிறைய என்றேன். அவளுக்குச் சந்தோஷம், அம்மாவுக்கு நிறைய கிடைத்துவிட்டது என்று. என் விரலைப் பிடித்து இழுத்து மோந்து பார்த்து மூக்கைச் சுளித்தாள், ஞாயித்துக்கிழமை சென்ட் போட்டுட்டு வரணும் நீ என்றாள், போடுகிறேன் என்றேன். ஞாயிற்றுக்கிழமை இவள் பக்கத்தில் நான் நிற்பேன், யாரும் இவளிடம் உங்கம்மா செத்துட்டாளா என்று கேட்க மாட்டார்கள், அதற்கு வந்தேன், அது கிடைத்துவிட்டது, மீதி செல்லுமா செல்லாதா என்று கடவுள் என்னிடம் நேரில் பேசிக்கொள்ளட்டும். முன்னால் சலசலப்பு. எனக்கு அடுத்து முழங்கால் போட்ட பெண் எழுந்து நிற்கிறாள், கையை விரிக்கிறாள், ஊதாத் திரை ஒரு பக்கமாக ஒதுங்கிக் கிடக்கிறது, நாற்காலி காலி. "சாமி எந்திரிச்சு சக்ரீஸ்துக்குள்ள போயிட்டாவ, நான் வாயே தொறக்கல" என்கிறாள். வரிசை கலைந்து எல்லா முக்காடும் ஒன்றாக என் பக்கம் திரும்புகிறது. பெர்னத்தா அக்கா செபமாலையைச் சுருட்டிக்கொண்டு என்னிடமே வந்துவிட்டாள். "ஏட்டி, அப்படி என்னத்தட்டி சொன்ன சாமிகிட்ட?" "என் பாவத்தைத்தான் சொன்னேன்" என்றேன். "அடிப்பாவி, கொலை கிலை பண்ணிட்டியா?" என்று வாயைப் பொத்திக்கொண்டாள், ஜொவிட்டா சிரித்தாள், பக்கத்தில் இரண்டு பேர் சிரித்தார்கள். எழுந்து போகலாம். வேலை முடிந்துவிட்டது, லாரியில் ஏற்ற வேண்டிய சரக்கு கிடக்கிறது, டிரைவர் இந்நேரம் போனில் கூப்பிட்டுக்கொண்டிருப்பான். ஜொவிட்டா வாம்மா வாம்மா என்று சேலையை இழுக்கிறாள். பீடத்துக்குப் பக்கத்தில் சாமியார்கள் உடுப்பு மாற்றுகிற அறை, அந்தச் சக்ரீஸ்துக் கதவையே நான் பார்த்துக்கொண்டிருக்கிறேன். அது சாத்தியிருக்கிறது, கீழ் இடுக்கில் வெளிச்சம் தெரிகிறது, வெளிச்சத்தில் யாரும் நடமாடவில்லை. வந்தால் அவன் முகத்துக்கு நேரே எழுந்து போய்விடுவேன். வராவிட்டால்தான் என்ன செய்வதென்று தெரியவில்லை.